நெட்டை விட்டாச்சு, தூக்கம் வந்தாச்சு, நெஞ்சுப் படபடப்பு மட்டும் போகல. இன்னா காரணம்?

குழித்தறி (குடியாத்தம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 47. குடியாத்தத்துல கைலி யாவாரம். அப்பா குழித்தறியில உக்காந்து நெய்தவர். நான் நூல் வாங்கிக் குடுத்து நெய்ய வெச்சு, மடிச்சு லேபிள் ஒட்டி வெளியூருக்கு பண்டல் போடறவன்.

பொங்கல் கழிச்சு டச் போனைக் கடை கல்லாவுல வெச்சுப் பூட்டிட்டு பட்டன் போனுக்கு மாறிட்டேன். கடையில ஒரு பையன் இருக்கான். கட்டம், கலர் படம் வந்தா அவன் பாத்து எங்கிட்ட காட்டுவான். கடை சாத்தினா அப்பால எனக்கு நெட் கிடையாது. இதெல்லாம் முழுசா விட்டதா ஆகுமான்னு சில பேர் கேப்பீங்க. அந்த வாதத்துக்கு நான் வரல. இதை இங்க எழுதறது கூட பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில, டி.என்.பி.எஸ்.சி. அப்ளிகேஷன் போடற பசங்க நடுவுல உக்காந்துதான். ஞாயித்துக்கிழமை மட்டும் வருவேன்.

ஏன் விட்டேன்னு சொல்லிடறேன். எனக்கு ரீல்ஸ் பைத்தியம் இல்ல, சூதாட்டம் இல்ல. ராத்திரி படுத்தா இடது பக்கம் சுருக்குனு ஒரு குத்து வரும். உடனே போனை எடுத்து அதையே எழுதித் தேடுவேன். வாயுத் தொல்லைன்னு முதல்ல வரும், அப்பாடான்னு இருக்கும். இன்னும் கொஞ்சம் கீழ தள்ளினா "அலட்சியம் வேண்டாம்"னு ஒருத்தர் எழுதியிருப்பார். முடிஞ்சது கதை. அப்பால யூட்யூப் நான் கேக்காமலே மாரடைப்பா கொண்டாந்து கொட்டும். ஜிம்முல விழுந்தவர், கல்யாண மேடையில விழுந்தவர், கிரிக்கெட் ஆடும்போது விழுந்தவர். ரெண்டு மணி, மூணு மணி வரைக்கும் இதான் வேலை. எங்கப்பா 51 வயசுல தறியிலயே நெஞ்சைப் பிடிச்சவர். அந்த வயசு எனக்குப் பக்கத்துல வருது. ஈ.சி.ஜி., எக்கோ, மிஷின் மேல நடக்க வெச்சு எடுக்கற டி.எம்.டி. எல்லாம் எடுத்துப் பாத்துட்டு, ஒண்ணும் இல்ல, போய் வேலையைப் பாருங்கன்னுட்டாங்க.

விட்டதுல நல்லது நடக்கலன்னு சொன்னா பொய். பத்தரைக்கே கண்ணு சொக்குது. குழம்புல உப்பு கம்மின்னு இப்ப எனக்கே தெரியுது, முன்னாடி இன்னா துண்றேன்னே தெரியாது. வைகாசி ஒண்ணாம் தேதி எங்க ஊர்ல கெங்கையம்மன் சிரசு திருவிழா, அம்மன் தலையை ஊர்வலமா எடுத்துகினு போவாங்க. தரணம்பேட்டையில கிளம்பி கோபாலபுரம் போய்ச் சேர்ற வரைக்கும் வழியெல்லாம் தேங்கா ஒடைப்பாங்க. சில வருஷமா வீடியோ எடுக்கறேன்னு நான் அதை ஸ்கிரீன்லயேதான் பாத்துகினு இருந்தேன். இந்த தபா கை காலியா நின்னேன். முன்னாடி நின்னவங்க எல்லாம் போனைத் தூக்கிப் பிடிச்சதுல சிரசு பாதி தெரியல, அது வேற விஷயம்.

இப்ப கேள்விக்கு வரேன். நடு ராத்திரியில முழிப்பு வந்தா அந்தப் படபடப்பு அப்படியே கீது. தினமும் இல்ல, ஆனா வரும். போன் இல்லாததால எழுந்து போய் அம்மாவோட பி.பி. மிஷினை எடுத்துக் கையில சுத்திக்குவேன். 130 காட்டும். சந்தேகமா இருக்கும். மறுபடி அமுக்குவேன், 138. இன்னொரு தபா, 146. அமுக்க அமுக்க ஏறுது. அப்பால வூட்டுக்காரியை எழுப்பி நாடி பாக்கச் சொல்லுவேன். "நல்லாத்தான் ஓடுது, படுங்க"ம்பா. அதைக் கேட்டாத்தான் கண்ணு மூடும்.

எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன், நெட்டை விட்டு ஆறு மாசம் ஆனா மூளை புதுசாயிடும் மாமான்னான். அந்த ஆறு மாசத்துக்குக் காத்திருக்கணுமா? இல்ல நெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா? பேசாம டச் போனுக்கே திரும்பிடலாமான்னும் தோணுது. அதுலயாவது தேடினா ஏதோ ஒரு பதில் வந்தது.

---

காட்பாடி_ஜங்ஷன்:

அண்ணா, ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர் கணக்குல வராது, கவலைப்படாதீங்க. நிஜமாத்தான் சொல்றேன். 2025ல ஒரு ஆராய்ச்சி வந்தது. அமெரிக்கா, கனடாவுல 467 பேரை எடுத்து, ரெண்டு வாரம் போன்ல நெட்டை மட்டும் நிறுத்தச் சொன்னாங்க. கால் பேசலாம், எஸ்.எம்.எஸ். அனுப்பலாம், கம்ப்யூட்டர்ல நெட் பாக்கலாம். நீங்க பண்றது கிட்டத்தட்ட அதேதான். மனநிலை, கவனம் ரெண்டும் தேறினதா முடிவு. தூக்கமும் கொஞ்சம் கூடியிருந்தது. ஆனா சேர்ந்தவங்கள்ல கால்வாசிப் பேர்தான் அந்தக் கட்டுப்பாட்டுல ஒழுங்கா இருந்தாங்க. நீங்க பொங்கல்லேர்ந்து இருக்கீங்கன்னா பெரிய ஆள்தான்.

ஆறு மாசத்துல மூளை புதுசாகும்னு எல்லாம் எதுவும் நான் படிச்சதில்ல. அதுக்கு நேர் எதிரா ஒருத்தர் கதை இருக்கு. பால் மில்லர்னு அமெரிக்காவுல டெக்னாலஜி பத்தி எழுதற பத்திரிகைக்காரர். 2012 மே 1லேர்ந்து 2013 மே 1 வரைக்கும் ஒரு வருஷம் நெட்டே தொடல. பத்திரிகையே சம்பளம் குடுத்து அனுப்பிச்சது. முதல் சில மாசம் அமோகம். புக்கு படிச்சார், உடம்பு இளைச்சார், ஆளுங்களை நேர்ல பாத்தார். அப்புறம் மெல்ல சோபாவுல சாய்ஞ்சுட்டார். யாரையும் பாக்கப் போறதில்ல, தபால் வந்தா பதில் இல்ல, வீடியோ கேம். நெட்ல இருந்தப்ப எந்தச் சோம்பலைப் பத்தி வருத்தப்பட்டாரோ அது நெட் இல்லாமலும் வந்துடுச்சு. திரும்பி வந்து, நான் நினைச்சது தப்புன்னு எழுதினார்.

உங்க போஸ்ட்டைப் படிச்சதும் அவர் ஞாபகம்தான் வந்தது. அதுக்காக டச் போனை வெளிய எடுக்கச் சொல்லல.

---

வாலாஜா_ஓம்_சாந்தி:

அன்பரே, காலையில வெந்நீர், சீரகம். பிறகு நாடிசுத்தி. ஏலகிரியில நாலு நாள் தங்கினால் எல்லாம் ஓடிப்போகும். யூட்யூபில் என்னுடைய மூச்சுப்பயிற்சி வீடியோ இருக்கிறது, லிங்க் அனுப்பட்டுமா?

---

காட்பாடி_ஜங்ஷன்:

ஐயா, அவர் கிட்ட பட்டன் போன்.

---

ஆம்பூர்க்காரி:

நெஞ்சு வலி விஷயம் எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. நான் கேக்கறது வேற.

அண்ணே, கேஸ் யாரு புக் பண்றாங்க? கரண்ட் பில்லு யாரு கட்டறாங்க? பசங்க ஸ்கூல் குரூப்புல நாளைக்கு இன்னா கொண்டாரணும்னு யாரு பாக்கறாங்க? பாங்க்லேர்ந்து ஓடிபி வந்தா யாரு போனுக்கு வருது? இதுக்கெல்லாம் உங்க போஸ்ட்ல ஒரு வரி கூட இல்ல. "கடையில பையன் இருக்கான்"னு ஒண்ணு இருக்கு. வூட்ல இருக்கறது யாருன்னு நான் சொல்லணுமா?

எங்க வூட்டுக்காரரும் ஒரு தபா இப்படி ஆரம்பிச்சார். ஷூ கம்பெனியில நான் கட்டிங் செக்ஷன்ல கணக்கு எழுதறேன், காலையில எட்டரைக்கு உள்ள போனா சாயங்காலம்தான் வெளிய. அவர் போனை ஆஃப் பண்ணிட்டு "மனசு லேசா இருக்கு"ன்னார். இருக்காதா பின்னே? அவர் பாத்துகினு இருந்த பாரம் பூரா என் போனுக்கு மாறிடுச்சு. மாமியார் மருந்துச் சீட்டு, தம்பி கல்யாணத்துக்கு யாருக்கு ஜிபே பண்ணினோம்னு கணக்கு, மகளிர் உரிமைத் தொகை வந்துதான்னு மெசேஜ், சொந்தக்காரங்க குட் மார்னிங்குக்குப் பதில் போடலன்னா வர்ற கோவம், அத்தனையும் நான். சாப்பாட்டு நேரத்துல கேன்டீன்ல உக்காந்து இதையே பாத்துகினு இருந்தேன். அந்த மாசம் எனக்கு வராத தலைவலி இல்ல.

அதுல பாதி ராத்திரியில எழுப்பி நாடி பாக்கச் சொன்னா? அக்கா பாவம். காலையில ஆறு மணிக்கு எழுந்து டிபன் கட்டறது யாரு?

கோச்சுக்காதீங்க. வுட்டது நல்லதுதான். யார் தலையில இறக்கி வெச்சீங்கன்னு ஒரு தபா பாருங்க, அவ்ளோதான்.

---

பாகாயம்_சிஸ்டர்:

தம்பி, நான் மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. அதனால் உங்களுக்கு இதுதான் நோய் என்று பெயர் வைக்க மாட்டேன். பார்த்துப் பழகியதைச் சொல்கிறேன்.

முதலில் இதயம். அப்பா 51 வயதில் போனார் என்றால் நீங்கள் டெஸ்ட் எடுத்தது சரி. அதில் ஒன்றும் இல்லை என்றால் அதை நம்பலாம், திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சை அழுத்துகிற மாதிரி வந்து, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் அது வேறு. அப்போது என் பதிலையும் படிக்க வேண்டாம், யூட்யூபும் வேண்டாம், 108க்குப் போன் செய்யுங்கள். பட்டன் போன் போதும் அதற்கு.

இப்போது ராத்திரிக்கு வருவோம். நீங்கள் எழுதியதையே இன்னொரு தடவை படியுங்கள். பயம் வருகிறது. கூகுளைக் கேட்கிறீர்கள். கொஞ்சம் ஆறுதல். உடனே சந்தேகம். மறுபடி கேட்கிறீர்கள். இது பொங்கலுக்கு முன்னால். பொங்கலுக்குப் பிறகு? பயம் வருகிறது. மிஷினைக் கேட்கிறீர்கள். கொஞ்சம் ஆறுதல். உடனே சந்தேகம். பிறகு சம்சாரத்தைக் கேட்கிறீர்கள். நெட் போய்விட்டது, கேட்கிற வேலை அப்படியேதான் இருக்கிறது.

சொறிந்தால் அந்த நிமிஷம் சுகமாக இருக்கும், அரிப்பு நிற்காது, புண் பெரிதாகும். ஆறுதல் தேடுவதும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை பார்த்து நிம்மதி அடையும்போதும், "பார்த்ததால்தான் பிழைத்தோம்" என்று மனசு கற்றுக்கொள்கிறது. அடுத்த தடவை பார்க்காமல் இருக்க முடியாது. உடம்பைப் பற்றிய இந்தப் பயத்தை உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலில், கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பது போன்றவற்றோடு ஒரே குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். நெட்டில் தேடித் தேடி இது முற்றுவதற்கு சைபர்காண்ட்ரியா என்று தனியாகப் பெயரே வந்துவிட்டது.

ஆனால் நெட்தான் இதைப் பிறப்பித்தது என்று நினைக்காதீர்கள். 2016ல் ஜியோ வந்த பிறகுதான் ஊரெல்லாம் டேட்டா. அதற்கு ரொம்ப வருஷம் முன்னாலேயே இப்படிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரிய துணிப்பையில் எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. சுருள் எல்லாம் வைத்துக்கொண்டு சித்தூரிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து மெட்ராஸ் என்று டாக்டர் டாக்டராக அலைவார்கள். ஒருத்தர் நார்மல் என்றால் ரெண்டு வாரம் நன்றாக இருப்பார்கள், பிறகு அடுத்த டாக்டர். அவர்களுக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. போன் வந்ததும் படுக்கையிலேயே அது முடிகிறது. நெட் செய்த கெடுதல் அந்த வேகம்தான், என்னைக் கேட்டால். நீங்கள் விட்டதில் அந்த வேகம் குறைந்திருக்கிறது, அதனால்தான் தூக்கம் வந்திருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

அந்த மிஷினைப் பற்றி. பி.பி. பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிஷமாவது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பயந்து எழுந்து, கை நடுங்கச் சுற்றி, உடனே மறுபடி அமுக்கினால் ஏறத்தான் செய்யும். அது உங்கள் பயத்தைத்தான் அளக்கிறது.

படபடப்பு வரும்போது எழுந்து உட்காருங்கள். அளக்காதீர்கள். இந்த மாதிரி திடீர்ப் பயம் சில நிமிஷத்தில் உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் இறங்கும். அது தானாக இறங்குவதை உடம்பு ஒரு தடவை பார்க்க வேண்டும். இதுவரை நீங்கள் பார்க்கவே விடவில்லை. சம்சாரத்திடம் பகலிலேயே பேசி வையுங்கள்: "நான் கேட்டாலும் நாடி பார்க்காதே, பக்கத்தில் உட்கார்ந்திரு." முதல் சில ராத்திரி கஷ்டமாகத்தான் இருக்கும். பிறகு அவர்களை எழுப்பாமலே பழகலாம். ஆம்பூர்ப் பெண் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

இதற்கு முறையான சிகிச்சை உண்டு. பேசிப் பழக்குகிற சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை. அந்த மாத்திரை வேலை செய்ய சில வாரம் பிடிக்கும், தூக்க மாத்திரை மாதிரி பழகிப்போகாது. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த வகையில் நிறையப் பேர் மாட்டிக்கொண்டதைப் பார்த்தவள் நான். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416. டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022ல் ஆரம்பித்தது, காசு கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். ஆனால் அதையும் தினமும் ராத்திரி "எனக்கு ஒன்றும் இல்லைதானே" என்று கேட்கிற இடமாக ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

---

குழித்தறி (குடியாத்தம்):

போன ஞாயிறு வரமுடியல, கல்யாண முகூர்த்தம், பண்டல் போடற வேலை. எல்லாத்தையும் இப்பதான் உக்காந்து படிச்சேன். பக்கத்து சீட்டுப் பையன் அவசரப்படுத்தறான்.

ஆம்பூர் தங்கச்சிக்கு. நீ எழுதினதைப் பிரிண்ட் எடுத்து வூட்ல குடுக்கப் போறேன், அவளே பதில் சொல்லட்டும். ஆனா ஒண்ணு, எல்லாத்தையும் ஏத்துக்க மாட்டேன். கரண்ட் பில்லு நான்தான் கட்டறேன், நேர்ல ஆபீசுக்குப் போய் வரிசையில நின்னு. பட்டன் போனுக்கும் ஓடிபி வரும், பாங்க்ல என் நம்பர்தான். ஸ்கூல் குரூப்பு அவ பாக்கறது நிஜம். கேஸும். கடையில இருக்கற டச் போன்ல அந்த ஸ்கூல் குரூப்பைப் போட்டுட்டு, பகல்ல நானே பாத்துச் சொல்லலாம்னு இருக்கேன். குட் மார்னிங்குக்கு மட்டும் நான் பதில் போட மாட்டேன், அது யாரா இருந்தாலும் சரி.

காட்பாடி தம்பி, அந்த வெள்ளைக்காரருக்குச் சம்பளம் குடுத்தாங்கன்னியே, எனக்கு இங்க ரெண்டு ஆர்டர் போச்சு. ராத்திரி ஒன்பதுக்கு மெசேஜ் போட்டாராம், காலையில பாக்கறதுக்குள்ள வேற ஊருக்குக் குடுத்துட்டார். நெட் வேணாம்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 2021 நவம்பர்ல மோர்தானா டேம் ரொம்பி ஆத்துல வெள்ளம் வந்தப்ப, எந்தத் தெருவுல தண்ணின்னு வாட்ஸ்அப்லதான் தெரிஞ்சது. நூல் மூட்டையை மேல ஏத்தினதே அதைப் பாத்துதான்.

சிஸ்டர், நீங்க எழுதினதை ரெண்டு தபா படிச்சேன். மிஷின் என் பயத்தை அளக்குதுன்னீங்களே, அந்த இடத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டேன். எங்கப்பாவுக்கு மிஷின் கிடையாது, கூகுள் கிடையாது. ஒரு தபா நெஞ்செரியுதுன்னார், சோடா குடிச்சார், தறியில போய் உக்காந்தார். அன்னிக்கு யாராவது பாத்திருந்தா இருந்திருப்பாரோன்னு ஒரு எண்ணம் எனக்கு எப்பவும் உண்டு. பாக்காம இருன்னு நீங்க சொல்லும்போது அதான் வந்து நிக்குது. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

ரெண்டு கேள்வி. அந்த மிஷின் அம்மாவுக்கு வாங்கினது, அவங்களுக்கு பி.பி., சுகர் ரெண்டும் கீது, வூட்லேர்ந்து எடுக்க முடியாது. அதை இன்னா பண்றது? அப்பால, பாகாயம் போனா ஊர்ல பைத்தியம்னு பேசுவாங்களே. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற வயசு வந்துகினு இருக்கு.

---

பாகாயம்_சிஸ்டர்:

மிஷின் அம்மா பீரோவில் இருக்கட்டும், சாவி அவர்களிடம். அவர்களுக்கு டாக்டர் சொன்ன நாளில் பகலில் பாருங்கள். அன்றைக்கு உங்களுக்கும் பார்த்துக்கொள்ளலாம், உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டு. அதற்கு மேல் வேண்டாம். உங்கள் சாதாரண டாக்டரிடம் அந்த அளவுகளைக் காட்டுங்கள், அதிகம் என்றால் அவர் சொல்வார்.

அப்பா விஷயம். அவருக்கு அறிகுறி இருந்தது, யாரும் பார்க்கவில்லை. உங்களைப் பார்த்தாயிற்று, டெஸ்ட் எடுத்தாயிற்று. ரெண்டும் ஒன்று இல்லை. ஆனால் இதை நான் எழுதி நீங்கள் படிப்பதால் தீராது, இதுவும் ஒரு ஆறுதலாகிவிடும். எதிரே உட்கார்ந்து ஒருவரிடம் முழுசாகச் சொல்ல வேண்டிய பேச்சு இது. 14416இல் முதலில் இதையே சொல்லுங்கள்.

ஊர்ப் பேச்சுக்கு என்னிடம் மருந்து இல்லை தம்பி. பாகாயத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு, உள்ளே சேர்க்கிற நோயாளியோடு குடும்பத்தில் ஒருத்தர் கூடவே தங்க வேண்டும். உங்களுக்குத் தங்குகிற தேவை இருக்காது, வெளி நோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்பலாம். ஆனாலும் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாடி பார்க்காமல் எப்படிப் பக்கத்தில் உட்காருவது என்று அவர்களுக்கும் யாராவது சொல்லித் தர வேண்டும். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். டாக்டர் வேண்டாம் என்று சொன்னால் புதிதாக ஒரு ஈ.சி.ஜி. கேட்டு அடம்பிடிக்காதீர்கள்.

---

ஆம்பூர்க்காரி:

அண்ணே, பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடி "அக்கா பாவம்"னு நான் எழுதின இடத்துல கோடு போட்டுக் குடுங்க. கேஸ் புக் பண்றதுக்கு நெட்டே வேணாம், பட்டன் போன்லயே நம்பர் அடிச்சுப் பண்ணலாம். அதையும் நீங்களே எடுத்துக்குங்க.